அரிப்புக் கடலோரத்தில் ஒரு மாளிகை

பாடசாலை விடுமுறை தொடங்கி ஒரு கிழமை ஆகவில்லை. பிள்ளைகளின் நச்சரிப்புத் தொடங்கிவிட்டது. மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி குடும்பத்தோடு ஹப்புத்தளைக்குப் போய் அதிஷாம் பங்களாவைப் பார்த்து வந்திருக்கிறாள். கல்லால் கட்டிய பெரிய வீடு, அதைச் சுற்றிப் பூந்தோட்டம், அங்கேயே செய்து விற்கும் ஜேம் போத்தல்கள், போகும் வழியெல்லாம் தேநீர்க் கடைகள் என்று அவள் சொன்ன கதையைக் கேட்டு மகளுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. "நாங்களும் ஒரு பழைய பங்களா பார்க்க வேணும் உம்மா" என்று பிடிவாதம்.

வவுனியாவிலிருந்து ஹப்புத்தளை ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரமல்ல. செலவும் சும்மா இல்லை. என் கணவர்தான் ஒரு வழி சொன்னார்: "அதிஷாமை தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரத் துரை கட்டியது 1931இல். அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் மூத்த பங்களா ஒன்று எங்கட பக்கத்திலேயே கிடக்கு. காலையில் போனால் இரவுக்குள் வீடு வந்துவிடலாம்."

பிள்ளைகள் துள்ளினார்கள். மூலையில் தஸ்பீஹோடு இருந்த என் உம்மா மெதுவாகத் தலையை உயர்த்தி, "அல்லிராணிக் கோட்டையையா சொல்றீங்க மருமகன்?" என்று கேட்டார்.

அதுதான். அரிப்புக் கடலோரத்தில் இடிந்து நிற்கும் 'டொரிக்' மாளிகை. புத்தகங்களில் அதன் பெயர் டொரிக். ஊர்ச்சனத்தின் வாயில் அல்லிராணிக் கோட்டை. முசலிப் பிரதேசத்தில் பிறந்து வளர்ந்த என் உம்மாவுக்கு அது சிறு வயதில் விளையாடிய இடம். எனக்கோ பத்து வயதில் விட்டுவந்த ஊரின் மங்கலான ஒரு ஓரம்.

இந்தப் பயணத்துக்குச் சம்மதிக்கும்போது என் மனதில் வேறொரு கணக்கும் இருந்தது. ஊரில் உம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்த வளவு ஒன்று இருக்கிறது. வீடு எப்போதோ போய்விட்டது. நிலம் மட்டும் கிடக்கிறது. அதை வாங்க ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். புத்தளத்தில் இருக்கும் நானாவும் நானும் "வித்துப்போடுங்கோ உம்மா, அங்கே என்ன கிடக்கு?" என்று ஒரு வருடமாகச் சொல்லி வந்தோம். உம்மா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டினால் மனம் ஆறிக் கையொப்பம் வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

வன்னி வழியே

ஸுபஹ் தொழுதுவிட்டு வேனில் புறப்பட்டோம். சோற்றுப் பொட்டலங்கள், தண்ணீர்ப் போத்தல், பிளாஸ்க்கில் இஞ்சித் தேநீர். மன்னார் வீதியில் பட்டாணிச்சூரைத் தாண்டியதும் வெளிச்சம் பரவத் தொடங்கியது. இருபுறமும் பாலையும் வீரையுமாக வன்னிக் காடு. இடையிடையே குளம், குளத்துக்குக் கீழே வயல். செட்டிகுளம் வந்தபோது கணவர் வேனின் வேகத்தைக் குறைத்தார். 2009இல் போர் முடிந்த நாட்களில் இலட்சக்கணக்கான தமிழ் மக்கள் கம்பி வேலிக்குள் கூடாரங்களில் அடைபட்டிருந்த 'மெனிக் பாம்' முகாம்கள் இந்தப் பக்கத்தில்தான் இருந்தன. அகதி வாழ்க்கை என்றால் என்னவென்று எங்களுக்கும் தெரியும். ஒருவரும் பேசவில்லை.

பறயனாலங்குளத்தில் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் பெரிய வீதியில் ஏறி, மடுச் சந்தியைக் கடந்து முருங்கனுக்கு வந்தோம். இங்கே காடு விலகி வயல் விரிகிறது. கட்டுக்கரைக் குளத்தின் தண்ணீர் பாயும் பூமி இது. அந்தக் குளத்தின் பரப்பைக் கண்டு மலைத்த வெள்ளைக்காரர், அதற்கு இராட்சதக் குளம் என்றே தங்கள் பாஷையில் பெயர் வைத்தார்கள். முருங்கனில் இடப்புறம் திரும்பினால் சிலாவத்துறைக்குப் போகும் வீதி. காற்றில் உப்பு மணம் வரத் தொடங்கியதும் உம்மா ஜன்னல் கண்ணாடியைத் திறந்துவிட்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

சிலாவத்துறை என்ற பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. சலாபம், சிலாபம் என்றால் முத்துக்குளிப்பு. முத்துக்குளிப்பு நடக்கும் துறை சிலாபத்துறை. அதுதான் வாய்வழக்கில் சிலாவத்துறை ஆகிவிட்டது. நாங்கள் பார்க்கப் போகும் மாளிகை அங்கே எழுந்ததற்கும் அதே முத்துத்தான் காரணம்.

சின்னக் கோட்டை, பெரிய கதை

மாளிகை வழியிலேயே இருந்தாலும் முதலில் அதைத் தாண்டி அரிப்புக் கிராமத்துக்குப் போனோம். அங்கே போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறிய சிறு கோட்டை ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணக் கோட்டையையோ காலிக் கோட்டையையோ நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆனால் இதற்கொரு தனிச் சிறப்பு உண்டு.

1660இல் மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கப்பலோடு வந்திறங்கிய றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில இளைஞர், கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். 19 ஆண்டுகள் அவருக்கு ஊர் திரும்ப வழியில்லை. 1679இல் ஒரு தோழரோடு தப்பி, காட்டினூடே ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஒக்டோபர் மாதத்தில் வந்து சேர்ந்த இடம் இந்த அரிப்புக் கோட்டைதான். அவர் நடந்த ஆறு, அநுராதபுரத்தைத் தொட்டு வந்து இங்கே கடலில் விழும் அருவியாறு. மேலே அதற்கு மல்வத்து ஓயா என்று பெயர். இலங்கை மக்களின் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளியானது.

"19 வருஷமா? எங்களைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ?" என்று உம்மா கேட்டார். 1990 ஒக்டோபரில் வெளியேறிய எங்கள் ஊரவர்கள் திரும்பி வரத் தொடங்கியது 2009க்குப் பிறகு. கணக்குப் பார்த்தேன். அதே 19.

கிரேக்கத் தூண்களும் சிப்பிச் சுண்ணாம்பும்

பிறகு வேனைத் திருப்பி, வந்த வழியே தெற்கு நோக்கி வந்தோம். வீதியிலிருந்து கடற்பக்கமாகச் சிறிது தூரம் உள்ளே போனால் செம்மண் மேடு. மேட்டின் விளிம்பில், கடலைப் பார்த்தபடி, டொரிக்.

மாளிகை என்ற சொல்லைக் கேட்டுப் பிள்ளைகள் எதிர்பார்த்தது வேறு. அவர்கள் கண்டது கூரையில்லாத செங்கற் சுவர்கள், வாசல்கள் இருந்த இடத்தில் வாய் பிளந்த துவாரங்கள், சில கனமான தூண்கள். பூந்தோட்டம் இல்லை, முள்ளும் எருக்கலையும்தான். கடற்பக்கச் சுவர் அங்கே இல்லை. விளிம்புக்குக் கீழே எட்டிப் பார்த்தால் அதன் துண்டுகள் மணலிலும் அலையிலும் கிடக்கின்றன. "இதுவா பங்களா?" என்று மகள் முகத்தைச் சுளித்தாள். "பொறு, கதையைக் கேள்" என்றார் கணவர்.

இந்தக் கட்டிடத்தைக் கட்டியவர் பிரெடெரிக் நோர்த். இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநர். 1798 முதல் 1805 வரை ஆண்டவர். அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் கைநழுவிப் போன காலத்தில் பிரித்தானியப் பிரதமராக இருந்த நோர்த் பிரபுவின் கடைசி மகன். நோர்த்துக்குக் கிரேக்கத்தின் மேல் அளவில்லாத மோகம். இலங்கைக்கு வருமுன்பே கிரேக்கத் திருச்சபையில் சேர்ந்திருந்தார். பிற்காலத்தில் கோர்பு தீவில் 1824இல் உயர்கல்விக் கழகம் ஒன்று எழவும் அவரே காரணமானார். அப்படிப்பட்டவர் மன்னார்க் கடலோரத்தில் வீடு கட்டினால் எப்படி இருக்கும்? பழைய கிரேக்கக் கோயில்களின் தூண் முறையில் இருந்தது. அந்த முறைக்குத்தான் டொரிக் என்று பெயர். 1801க்கும் 1804க்கும் இடையில் மாளிகை எழுந்தது. அந்நாளில் இலங்கையில் இருந்த கோடினர் என்ற பாதிரியார், தீவிலேயே அழகான கட்டிடம் இதுதான் என்று 1807இல் வெளிவந்த தம் நூலில் புகழ்ந்திருக்கிறார்.

செங்கல்லால் எழுப்பி, முத்துச் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பால் பூசி, சலவைக்கல் போல மினுங்கும்படி மெருகேற்றியிருந்தார்கள். இன்று பூச்சு பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ஒரு தூணின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மிஞ்சியிருந்த வெள்ளையைப் பிள்ளைகள் தடவிப் பார்த்தார்கள். அந்த வெள்ளை, யாரோ ஒருவர் மூச்சை அடக்கிக் கடலடியிலிருந்து அள்ளி வந்த சிப்பி. யார் அவர்கள்? இதைச் சொல்லத்தான் பிள்ளைகளை அங்கே உட்கார வைத்தோம்.

மூச்சை விற்றவர்கள்

ஆளுநர் இங்கே மாளிகை கட்டியது காற்று வாங்க அல்ல. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய. எதிரே தெரியும் கடலுக்கடியில் சிப்பிகள் ஒட்டி வளரும் பாறைத் தளங்கள் இருக்கின்றன. அவற்றைப் 'பார்' என்பார்கள்: பெரிய பார், செவல் பார், இப்படிப் பல. இந்த முத்து நேற்று இன்றைய புகழல்ல. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, புத்தளத்தில் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது, மன்னர் தம் முத்துக்களைக் காட்டிப் பெருமைப்பட்டதையும் தமக்குச் சில கொடுத்ததையும் எழுதி வைத்திருக்கிறார்.

இரு பருவக்காற்றுகளுக்கும் இடையில் கடல் தணிந்து கிடக்கும் மாசி, பங்குனி மாதங்கள்தான் குளிப்புக் காலம். முந்தின நாள் வரை நரி ஓடிய வெட்டையில் ஒரு நகரமே முளைக்கும். கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மன்னார் என்று எல்லாத் திசையிலிருந்தும் படகுகள் வரும். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகள் வருவார்கள். குளிப்பவர்களில் நம் சோனகரும் மரைக்காயரும் பெருந்தொகையினர். பரதவக் கத்தோலிக்கரும் அவர்களோடு தோளோடு தோள் நின்றார்கள். வியாபாரிகள், வட்டிக்காரர்கள், முத்துத் துளைப்பவர்கள், சமையற்காரர்கள், பக்கீர்கள் என்று பல்லாயிரம் சனம் ஓலைக் கொட்டில்களில் நிறைந்துவிடும்.

நள்ளிரவில் தரைக்காற்று எழும்பும்போது படகுகள் புறப்படும். விடியும்போது பாரை அடைந்து, அடையாளம் கிடைத்ததும் குளிப்புத் தொடங்கும். குளிப்பவர் ஒரு கனத்த கல்லில் காலை வைத்து, கயிற்றைப் பிடித்து, மூக்கை அடைத்துக்கொண்டு இறங்குவார். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். அடியில் தொட்டதும் கல்லை விட்டுவிட, மேலே நிற்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடம், மிஞ்சினால் சற்றுக் கூட. அதற்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வலைப்பையில் அள்ளிக் கயிற்றை அசைத்தால் மேலே தூக்குவார்கள். இருவர் மாறி மாறி ஒரு கல்லைப் பாவிப்பார்கள். நண்பகல் வரை இப்படி நாற்பது, ஐம்பது முறை. காதிலும் மூக்கிலும் இரத்தம் வடிவதும் உண்டு. பிறகு கடற்காற்றைப் பிடித்துக் கரை திரும்புவார்கள்.

சுறாப் பயம் வேறு. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதும் 'கடல் கட்டி'களை அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைத்திருந்ததாம். அவர்கள் இல்லாவிட்டால் குளிப்பவர்கள் இறங்க மறுத்தார்கள். அல்லாஹ்வைத் தவிர வேறு எவரிடம் காவல் தேடுவதும் நமக்கு ஆகுமானதல்ல. ஆனால் அந்த மனிதர்களின் அச்சம் எவ்வளவு பெரியது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

கரைக்கு வந்த சிப்பியைக் 'கொட்டு' என்ற அடைப்புக்குள் கொண்டுபோய்ப் பங்கு பிரிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. மிச்சம் ஒரு பங்குதான் உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு. அரசாங்கத்தின் பங்கு அன்றன்று மாலை ஆயிரக் கணக்கில் ஏலம் போகும். வாங்கியவர்கள் சிப்பியை நாட்கணக்கில் அழுக விட்டு, கழுவி, அரித்து முத்தைத் தேடுவார்கள். ஆயிரம் சிப்பி வாங்கி அரிசி மணி அளவு முத்துக்கூடக் காணாதவர்களும் உண்டு. ஒரே சிப்பியில் சீமான் ஆனவர்களும் உண்டு. அழுகிய சிப்பியின் நாற்றம் பல மைலுக்கு வீசுமாம். கொலரா பரவிக் குளிப்பை நிறுத்திய வருடங்களும் உண்டு.

அர்ரஹ்மான் சூராவில் முத்தையும் பவளத்தையும் தன் அருட்கொடைகளில் வைத்து அல்லாஹ் நினைவூட்டுகிறான். அந்த அருட்கொடையை மனிதன் பங்கு பிரித்த விதத்தைத்தான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மகன் சிறிது யோசித்துவிட்டு, "அப்ப மாளிகை ஆளுநருக்கு, கொட்டில் குளிச்சவங்களுக்கா?" என்றான்.

கடல் கொடுத்தது, கடல் எடுத்தது

முத்துச் சிப்பி நாலைந்து வருடத்தில்தான் விளையும். ஆறேழு வருடத்துக்கு மேல் உயிர் வாழாது. முந்தி எடுத்தால் முத்தில்லை. பிந்தினால் சிப்பியே இல்லை. நீரோட்டம் மாறினால், மணல் மூடினால், ஒரு பார் முழுவதும் அழிந்துவிடும். பேராசையால் அளவுக்கு மீறி அள்ளினாலும் அதே கதி. 1837க்குப் பிறகு 1855 வரை குளிப்பே நடக்கவில்லை. 1891க்குப் பிறகு மீண்டும் ஒரு நீண்ட இடைவெளி. 1902இல் ஹேர்ட்மன் என்ற பேராசிரியரை இங்கிலாந்திலிருந்து அழைத்துப் பார்களை ஆராய்ந்தார்கள்.

1903இல் மீண்டும் சிப்பி பெருகியது. 1905இல் நடந்த குளிப்புத்தான் எல்லாவற்றிலும் பெரியது: எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பி, சுமார் 25 இலட்சம் ரூபாய் வருமானம். அந்த மயக்கத்தில் 1906இல் பார்களை 20 வருடக் குத்தகைக்கு ஒரு இலண்டன் கம்பனிக்குக் கொடுத்தார்கள். அந்த வருடம் மரிச்சுக்கட்டிக் குளிப்புக்குக் கடமையாக அனுப்பப்பட்ட இளம் அதிகாரிதான் பின்னர் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்ப். விரல்விட்டு எண்ணக்கூடிய சில அதிகாரிகள் பல்லாயிரம் சனத்தை எப்படிச் சமாளித்தோம் என்று அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. கம்பனி சில வருடங்களில் மூடப்பட்டது. ஜப்பானில் மிக்கிமோட்டோ தொடங்கி வைத்த வளர்ப்பு முத்து உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. பிறகு எப்போதாவது நடந்த சிறு குளிப்புகளோடு மன்னார் முத்தின் கதை முடிந்தது.

முத்துப் போனபின் மாளிகைக்கு ஆள் இல்லை. கடல் சும்மா இருக்கவில்லை. வருடா வருடம் செம்மண் மேட்டை அரித்து அரித்து, மாளிகையைக் கொஞ்சங் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

உம்மா சொன்னது

வெயில் ஏறியது. தூண் நிழலில் பாய் விரித்து உம்மாவை இருத்தினோம். பிள்ளைகள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்கள்.

"ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் ஊர்ப் பெட்டைகள் எல்லாரும் மாட்டு வண்டியில் இங்க வருவோம். இந்தத் தூணுக்கு அங்கால இன்னும் ஒரு அறை கிடந்தது. அதுக்கும் அங்கால நல்ல அகலமா நிலம். அதிலதான் இருந்து சோறு தின்றது. இப்ப பார், அது கடல்" என்று கையை நீட்டிக் காட்டினார்.

அல்லிராணி குதிரைமலையிலிருந்து ஆண்டாள், அரபிகளுக்கு முத்தைக் கொடுத்துக் குதிரை வாங்கினாள் என்று தம் உம்மம்மா சொன்ன கதையையும் சொன்னார். கதைதான். ஆனாலும் முத்து, அரபிகள், இந்தக் கடல் மூன்றும் எங்கள் சனத்தின் நினைவில் எப்படி முடிந்து கிடக்கின்றன என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

மகன் கேட்டான்: "உம்மம்மா, இந்த வீட்டுக்கார ஆளுநர் பிறகு திரும்பி வரவே இல்லையா?"

"வரேல்லை மகன். அவருக்கு இது வீடில்லைதானே. ரெண்டு மாசம் இருந்து முத்தை எண்ணிட்டுப் போற இடம். வீடெண்டா மனுசன் திரும்பி வருவான்."

சாதாரணமாகத்தான் சொன்னார். யாரையும் குத்திச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முகம் சுட்டது. "அங்கே என்ன கிடக்கு?" என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது நானல்லவா!

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து நாங்கள் கொண்டுபோனது ஒரு பை. உம்மா வாசலைப் பூட்டித் திறப்பை இடுப்பில் முடிந்துகொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் அந்தத் திறப்பு பல வருடம் கப்பில் தொங்கியது. எப்போது அது காணாமற் போனது என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பூந்தோட்டமும் தேநீரும்

லுஹரைத் தொழுது, சாப்பிட்டுவிட்டு, உம்மாவின் ஊருக்குப் போனோம். வளவுக்குள் காலை வைக்க முடியவில்லை, அவ்வளவு முட்பற்றை. புளியமரம் நிற்கிறது. இரண்டு வாசற்படி தெரிகிறது. கிணறு கட்டோடு இருக்கிறது. உள்ளே குப்பையும் கறுத்த தண்ணீரும். உம்மா படியில் ஏறி நின்றார். அதற்கு மேல் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. அழவில்லை. "இது குசினி, இது உங்கட வாப்பா ஓதுற இடம்" என்று பிள்ளைகளுக்குக் காற்றிலே அறை பிரித்துக் காட்டினார்.

பக்கத்து வளவிலிருந்து ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார். உம்மாவை அடையாளம் கண்டதும் ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். மீள்குடியேற்றத்தில் கிடைத்த சிறு வீடு. முன் சுவர் இன்னும் பூசவில்லை. ஆனால் முற்றத்தைப் பாருங்கள்: பழைய பெயின்ற் வாளிகளிலும் பால்மாத் தகரங்களிலும் செவ்வரத்தை, மல்லிகை, கற்றாழை. வேலியோரம் முருங்கை. உப்புத் தண்ணீர், குடிக்கும் தண்ணீரை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார். அதில் எங்கள் ஆறு பேருக்கும் தேநீர் ஊற்றி, ஒரு தட்டில் தொதல் துண்டுகளும் வைத்தார். "பங்களாவும் பார்த்தாச்சு, பூந்தோட்டமும் பார்த்தாச்சு, தேத்தண்ணியும் குடிச்சாச்சு" என்று கணவர் மகளைச் சீண்டினார். அவள் சிரித்துக்கொண்டு இரண்டாவது கோப்பை கேட்டாள்.

அந்தப் பெண்மணி ஒன்றையும் மறைக்கவில்லை. பிள்ளைகளின் படிப்புக்காகப் பாதிக் குடும்பம் இன்னும் புத்தளத்தில்தான். வருமானம் போதாது. காணிப் பிரச்சினைகள் தீரவில்லை. "கஷ்டம்தான் ராத்தா. ஆனா பாங்குச் சத்தம் எங்கட பள்ளியில இருந்து கேக்குது" என்றார்.

நான் கொண்டுபோன கணக்கு அங்கேயே கலைந்தது. உம்மாவுக்கு எழுபது வயதாகிறது. அங்கே போய்த் தனியே இருக்க முடியாது. எங்கள் தொழிலும் பிள்ளைகளின் பாடசாலையும் வவுனியாவில். நாளைக்கே வீடு கட்டுவோம் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் திரும்பும் வழியில் முருங்கன் தாண்டியதும் உம்மா கேட்டார்: "மருமகன், அந்தக் கிணத்தை இறைச்சுத் துப்புரவாக்க என்ன முடியும்?"

"பெரிசா முடியாது மாமி. வாற மாசம் செய்வம், இன்ஷா அல்லாஹ்."

அன்றிரவு நானாவுக்குத் தொலைபேசி எடுத்து, வாங்க வந்தவரிடம் நிலம் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "புளியமரம் நிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

போக விரும்பும் சகோதர சகோதரிகளுக்கு

வவுனியாவிலிருந்து செட்டிகுளம், முருங்கன், சிலாவத்துறை வழியாகப் போகலாம். மன்னாரிலிருந்து வருபவர்கள் தள்ளாடியில் திரும்பி வங்காலை வழியாக அரிப்பை அடையலாம். காலையிலேயே போய்விடுங்கள், அங்கே நிழல் குறைவு. தண்ணீர் கட்டாயம் கொண்டுபோங்கள். மேட்டின் விளிம்பு உதிரும் மண். சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள். சுவர்களில் ஏறவோ பெயர் கீறவோ வேண்டாம், மிஞ்சியிருப்பதே கொஞ்சம். நேரம் இருந்தால் மன்னார் பள்ளிமுனையில், அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெரிய பெருக்க மரத்தையும் பார்த்து வாருங்கள்.

இன்னொன்று. மாளிகையைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். சுற்றியுள்ள ஊர்களுக்குள்ளும் போங்கள். ஒரு கடையில் பிளேன் டீ குடியுங்கள், ஒரு வீட்டில் ஸலாம் சொல்லுங்கள். பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைப் பார்த்துப் படிப்பினை பெறும்படி அல்குர்ஆன் நம்மை ஏவுகிறது. அரிப்பில் அந்தப் படிப்பினை தூண்களில் மட்டும் இல்லை. தகரத்தில் மல்லிகை நட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் கைகளிலும் இருக்கிறது.

வீடிழந்த ஒவ்வொருவரையும், அவர் எந்தச் சமூகத்தவராயினும், தத்தம் வாசலில் சேர்த்துவைக்க வல்ல அல்லாஹ் போதுமானவன். ஆமீன்.